கட்டைவிரலுக்கு வந்த ஷிஃப்ட்

அன்று ஈரோடு விசைநடைப் பதிவகத்தின் விசாரணை அறையில் இருந்தவர்கள்: பதிவு அலுவலர் ஜெயசீலி, என் தம்பி சென்னியப்பன், அவன் மகன் முகிலன், முகிலனின் மனைவி நிறைமதி, எங்கள் பங்காளி பொன்னுரங்கம், அப்புறம் நான், பூங்கோதை, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. ஏழாவதாக யாரும் இல்லை. டீ கொண்டுவந்தவர்கூடத் தட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "நானும் அங்கதானுங்க இருந்தேன்" என்று கோபியிலும் பவானியிலும் சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

எங்கள் வீட்டு விஷயத்தை எங்களைத் தவிர எல்லோரும் பேசுகிறார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன். நன்றி சொல்லவேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்.

விசைநடைச் சட்டம் எப்படி வந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் முகத்தைப் பார்த்து ஆளை நம்பினோம். பிறகு யார் முகத்தையும், யார் குரலையும், யார் கையெழுத்தையும் இயந்திரம் செய்து கொடுக்கத் தொடங்கியது. என் அத்தை மகன் இறந்து, கருமாதி முடிவதற்குள் அவர் முகம் திரையில் வந்தது. அவருடைய குரலில், அவருக்கே உரிய இருமலோடு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டது. அவளும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். அந்த மாதிரி வீட்டுக்கு வீடு நடந்த பிறகுதான் அரசாங்கம் விழித்தது.

கடைசியில் போலி செய்ய முடியாததாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒருவர் விசைப்பலகையில் தட்டும் விதம், அதாவது அவருடைய விசைநடை. அதிலும் எழுத்து விசைகள் இல்லை. அவற்றின் வேகம் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ப மாறும், இயந்திரமும் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் என்று தானாக எதையும் எழுதாமல் அடுத்த விசையை மட்டும் மாற்றிவிடுகிற விசைகள் இருக்கின்றனவே, அவற்றை ஒருவர் எந்த விரலால் தொடுகிறார், எவ்வளவு முன்னால் அழுத்துகிறார், எப்போது விடுகிறார் என்பதில்தான் ஆள் இருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கம்பி இணைத்த மேசைக் கணினி ஒன்று கட்டாயமாயிற்று. அதில் தட்டி, இயந்திரம் "இவர்தான்" என்று ஒப்புக்கொண்டால்தான் ஒருவருடைய சொல் சொல்லாகும். கடிதம், புகார், சம்மதம், சாட்சி எல்லாவற்றுக்கும் அதுதான்.

எங்கள் பக்கத்தில் எதையும் விசேஷமாக்காமல் விடுவதில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால் விசைநடைப் பதிவு விழா. தாய்மாமன் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு விசைப்பலகையைச் சீராகக் கொண்டுவருவார். தெருமுனையில் பிள்ளையின் படம் போட்ட ஃபிளக்ஸ் இருக்கும். அந்தப் பலகையின் விசைகளை ஆயுசுக்கும் மாற்றுவதில்லை. விசையை இடம் மாற்றுகிறவன் எதையோ மறைக்கிறவன் என்பது ஊரின் எண்ணம். சட்டம் வந்தபோது நாங்கள் வளர்ந்தவர்கள் என்றாலும், எங்களுக்கும் எங்கள் மாமன் சீர் செய்தார். என் குடும்பத்தில் அதுவரை யாரும் விசை மாற்றியதில்லை.

போன தையில் சென்னியப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினான். கோவையில் அவனைப் பார்த்த டாக்டர்களுக்கும், படுக்கையைச் சுத்தம் செய்த பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவும் புத்தியும் அப்படியே இருந்தன. பேச்சு போய்விட்டது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அசையவில்லை.

சென்னி எங்கள் வாய்க்கால் பாசன சங்கத்தின் செயலாளர். யாருக்கு எப்போது முறைத் தண்ணீர் என்று வாராவாரம் எழுதி அனுப்புகிறவன். மனைவி போன பிறகு பேச்சுத்துணை என்று அவனுக்கு இருந்தது ஊர்ச் சண்டைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்தான். ஷிஃப்ட் அவனுக்கு எப்போதும் இடது சுண்டுவிரல். அது இப்போது இல்லை. ஆள்காட்டி விரலை நீட்டி அழுத்திப் பார்த்தான். வலப்பக்கத்து ஷிஃப்டைத் தொட்டுப் பார்த்தான். எதைச் செய்தாலும் திரையின் மூலையில் சிவப்பில் "வேறு ஆள்" என்று வந்தது. அடுக்களையில் இருந்த மகனுக்கு "சாப்டியா?" என்று கேட்டு அனுப்பிய கேள்வியைக்கூட, அனுப்பியவர் உங்கள் தந்தை என்று உறுதி செய்ய முடியவில்லை என்று நிறுத்திவைத்தது. திரையைத் திருப்பிக் காட்டி வீட்டாரிடம் பேசலாம். வீட்டு வாசலைத் தாண்டி அவன் சொல்லுக்கு மதிப்பில்லை.

சங்கத்துக்கு அவன் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. பதிவகத்திலிருந்து முகிலனுக்கு ஒரு தகவல் வந்தது. சென்னியப்பன் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். அதில் இயந்திரம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவருக்குப் பொறுப்பாளர் நியமிக்கப்படுவார். அதன்பின் அவர் சார்பாகப் பொறுப்பாளர் சொல்வதே அவருடைய சொல். குடும்பத்தில் மூத்தவர்தான் பொறுப்பாளர். அதாவது நான்.

அப்போதுதான் நிறைமதி வந்து சொன்னாள். அவள் தறிக்கூடங்களுக்கு நிரல் எழுதுகிறவள்.

"பெரியம்மா, மாமாவோட ஷிஃப்டைக் கட்டைவிரலுக்கு மாத்திரலாமுங்க."

"மாமன் வெச்ச சீர்ல கை வெக்கறதா? வேற வேலை இருந்தாப் பாரு கண்ணு."

"பலகையில ஒண்ணுமே கழட்டப் போறதில்லீங்க. கணினிக்குள்ள ஒரு வரி. ஸ்பேஸ்பார் பக்கத்துல ஆல்ட் இருக்குதில்லீங்களா, அதை அழுத்தினா ஷிஃப்ட்னு எடுத்துக்கோன்னு சொல்றோம். கன்ட்ரோலை வலது பக்கத்து ஆல்ட்டுக்குக் கொண்டுவந்தர்றோம். பலகை அதே பலகைதான்."

"ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"இப்ப என்ன பேசறாங்கன்னு தெரியுங்களா பெரியம்மா? மாமாவுக்குப் புத்தி பெசகிப் போச்சாம். அதைவிடவா இது?"

எனக்கு அது தெரியாது. என் முன்னால் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை. நான் சென்னியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே இடது கட்டைவிரலை ஆல்ட் விசையின் மேல் வைத்திருந்தான்.

"சரி, மாத்து" என்றேன்.

மாற்றுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பழகுவதற்குத்தான் பாடு. பதிவகம் அனுப்பிய குறிப்பில், "முன்பயிற்சி வேண்டாம். வழக்கம்போல் தட்டினால் போதும்" என்று இருந்தது. அது சோம்பேறிகளுக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். பயிற்சி இல்லாமல் நாலு பேர் முன்னால் போய் நிற்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. என்னிடம் படித்த பெண்கள் மாநிலப் போட்டியில் கபடி ஆடினார்கள். அவர்களை எப்படித் தயார் செய்தேனோ அப்படியே என் தம்பியையும் தயார் செய்தேன். காலையும் மாலையும் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். தப்பு வந்தால் விசில். திரும்ப முதலிலிருந்து.

"அத்தை, அப்பாவைக் கொஞ்சம் விடுங்க" என்பான் முகிலன்.

"அங்க போயி தடுமாறி நின்னா சிரிக்கறது உன்னையில்லடா, என்னை."

ஒரு மாதத்தில் சென்னி தப்பே இல்லாமல் தட்டினான். கட்டைவிரல் பிறந்ததிலிருந்து அந்த வேலையைச் செய்ததுபோல் போய் வந்தது. அந்த அழகைப் பார்க்க நிறைமதியை நானே கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுபதிவுக்குப் பங்காளி ஒருவர் சாட்சி வேண்டும் என்பது விதி. பொன்னுரங்கத்தைத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவனுக்கும் சென்னிக்கும் பாசன சங்கத்தில் நெடுநாள் பகை. காரில் ஏறும்போதே தொடங்கிவிட்டான்.

"ஏனுங்கக்கா, அண்ணன் ஆல்ட்டை ஷிஃப்டா ஆக்கிட்டாராமே? அடுத்து வடக்கை தெக்கா ஆக்கிருவாருங்களா?"

"வாயை மூடிட்டு வா பொன்னுரங்கம்."

"வாயை மூடறதுக்குத்தான் அவரு இருக்காரே" என்றான் அவன். முகிலன் காரை ஒரு குலுக்குக் குலுக்கினான். குழி எதுவும் இல்லாத ரோடு அது.

பதிவு அலுவலர் ஜெயசீலி நாகர்கோவில் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். எங்களை உட்காரவைத்து, சென்னியின் பலகையைத் தன் கணினியில் இணைத்தாள். சுவரில் பெரிய திரை. அதில் ஒரு பத்தி வந்தது. கேள்விக்குறியும் மேற்கோளும் நிறைந்த பத்தி. சென்னி தட்டினான். ஒரு பிழை இல்லை. நான் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டேன்.

மூலையில் சிவப்பு எழுத்து வந்தது: வேறு ஆள்.

"இன்னொரு தடவை பாத்திருவோம்" என்றாள் ஜெயசீலி. இன்னொரு பத்தி. அதுவும் குறையில்லாமல் முடிந்தது. அதே சிவப்பு.

"எதுக்குங்க? எங்க தப்பு?" என்று கேட்டாள் நிறைமதி.

"தப்பே இல்ல. அதுதான் பிரச்சினை." ஜெயசீலி என்னைப் பார்த்தாள். "வீட்டுல பயிற்சி குடுத்தீங்களா அம்மா?"

"குடுக்காம? ஒரு மாசம் குடுத்தேன்."

அவள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "ஒருத்தர் இத்தன வருஷம் ஒரு இடத்துல விரல வெச்சுப் பழகினவங்க. நாம விசைய எங்க மாத்தினாலும் அவங்க மனசு முதல்ல பழைய இடத்துக்குத்தான் போகும். அந்த விரலு அசையாது. ஆனா இவரு மனசு அதை ஒரு தடவை கூப்பிடும். அது வரலைன்னு தெரிஞ்ச பெறகுதான் கட்டைவிரல் கெளம்பும். கண்ணுக்குத் தெரியாத தயக்கம் அது. அந்தத் தயக்கத்தோட அளவு ஆளுக்கு ஆள் வேற. புதுசா வந்து ஏமாத்தறவனுக்கு அது இருக்காது. அவன் நேரா புது இடத்துக்குப் போவான். இவரும் இப்ப நேராத்தான் போறாரு."

"அப்ப வேணும்னே கொஞ்சம் தயங்கி அடிச்சா?" என்றான் முகிலன்.

"அடிச்சுப் பாக்கட்டும்."

சென்னி அடித்துப் பார்த்தான். இந்த முறை இயந்திரம் "நடிப்பு" என்றது.

"கொஞ்ச நாள் பயிற்சிய விட்டுட்டு வந்தா அந்தத் தயக்கம் திரும்பி வருமுங்களா?" என்று கேட்டாள் நிறைமதி.

"நாள் போகப் போக அழியும், வராது. இன்னைக்கு விட்டா அடுத்த விசாரணைன்னு ஒண்ணு சட்டத்துலயே இல்ல. நான் பொறுப்பாளர் நியமனத்தத்தான் எழுதணும். மன்னிச்சிருங்க." அவள் உண்மையாகவே வருந்தினாள். அதற்காகவும் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொன்னுரங்கம் டீயை உறிஞ்சினான். "அதென்னங்க, அக்கா ஊதி ஊதி ஆளையே மாத்திப்புட்டாங்களா?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வெளியாள் முன்னால், ஒரு பங்காளி வாயால் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து நின்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"சரி, விடுடா. இனி உனக்கும் சேர்த்து நானே பேசிக்கறேன். பாசன சங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொறந்ததிலிருந்து உன் வேலையெல்லாம் நாந்தானே பாத்தேன், இதையும் பாத்துக்கறேன். நீ போட்டதைத் தின்னுட்டுச் சும்மா உக்காரு. பலகையிலிருந்து கையை எடு."

சென்னி என்னைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கையை எடுக்கவில்லை. தட்ட ஆரம்பித்தான். சுவர்த் திரையில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவுக்கு வந்தது.

"எடுக்க மாட்டேன்! நீ ஊதினா ஓடறதுக்கு நான் உன் பள்ளிக்கூடத்துப் புள்ளையா! எனக்குப் பேரன் எடுக்கற வயசு! தப்பில்லாம அடி, தப்பில்லாம அடின்னு நீதான் என் கையைக் கெடுத்தே! என் வாய் போச்சுன்னா என் பேச்சு உன்னோடது ஆயிருமா! டேய் பொன்னுரங்கம், நீ இளிக்காதே! என் தண்ணி முறையில உன் மடையைத் திறந்துவிட்டுட்டு, எலி வரப்பைப் பறிச்சிருச்சுன்னு சொன்ன களவாணி நீ!"

சென்னிக்குக் கோபம் வந்தால் ஆச்சரியக்குறி இல்லாமல் எழுத வராது. ஒவ்வொரு ஆச்சரியக்குறிக்கும் ஷிஃப்ட் வேண்டும். அவன் என்னைத் திட்டுகிற மும்முரத்தில் என் பயிற்சியை முழுக்க மறந்துவிட்டான்.

அடுத்து என்னைப் பற்றி நான்கு வரிகள் எழுதினான். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பெற்றோர் எங்களை அப்படிப் பேச வளர்க்கவில்லை. முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். நிறைமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள் ஜெயசீலி. அவள் மட்டும்தான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்க, எழுதுங்க. இன்னும் திட்டுங்க."

அவன் இன்னும் திட்டினான். சிவப்பு எழுத்து மங்கி, அந்த இடத்தில் பச்சையில் ஒரு பெயர் வந்தது: சென்னியப்பன்.

முதலில் வாயைத் திறந்தது பொன்னுரங்கம்தான். டீ வேட்டியெல்லாம் சிந்தியிருந்தது. "அட, இது அவனேதானுங்க! இந்த மடை விசயத்தை இத்தன வருசம் நெஞ்சுல வெச்சிருக்கறதுக்கு வேற எவனால ஆகும்? நான் சாட்சி போடறேன், எங்க போடோணும்?" என்று பலகையைத் தேடினான். வயிறெரிந்தாலும் உண்மையை ஒப்புக்கொண்டான். அவனுக்கும் நன்றி. மடையைத் திறந்ததை அவன் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துவைக்கிறேன்.

ஜெயசீலி என் பக்கம் திரும்பினாள். "ஒரு விஷயம் சொல்லிரணும் அம்மா. இயந்திரம் ஆளைக் கண்டுபிடிச்ச எழுத்துதான் அவரோட புதுப் பதிவு. அதுல ஒரு எழுத்தையும் அழிக்க முடியாது. அவரு இருக்கற வரைக்கும் இங்க இருக்கும். சொந்தக்காரங்க யாரு கேட்டாலும் பிரதி குடுக்கணும்."

"அந்த நாலு வரியுமா?"

"அந்த நாலு வரியுந்தான்."

என் தம்பி என்னை எப்படித் திட்டினான் என்பது அரசாங்க ஆவணமாகிவிடும். பங்காளிகளும் சம்பந்திகளும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். படிப்பார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். நான் சென்னியைப் பார்த்தேன். அவன் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் இன்னும் விசையின் மேலேயே இருந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அவனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இருக்கட்டும்" என்றேன். "பதிவு பண்ணுங்க."

திரும்பும்போது பெருந்துறை வந்ததும் பொன்னுரங்கம் இறங்கி எல்லோருக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான்.

மறுபதிவுக்கும் விழா உண்டு. அதற்கும் தாய்மாமன்தான் பலகையைத் தூக்கிவர வேண்டும். எங்கள் மாமன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மாமன் மகன் துபாயில் இருக்கிறான். ஒரம்பரையாக வந்த உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, யார் தூக்குவது என்ற பேச்சு வந்தது. நான் தாம்பாளத்தை எடுத்து நிறைமதி கையில் கொடுத்தேன்.

"மருமவ சீர் தூக்கறதா? எந்த ஊர் மொறை இது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

"எங்க ஊட்டு மொறை. இன்னையிலிருந்து" என்றேன்.

நிறைமதி பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அந்த விசையை இடம் மாற்றலாம் என்று அவள் என் முன்னால் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் என் தம்பி இன்று என் வாயால் பேசிக்கொண்டிருப்பான். எங்கள் குடும்பத்தில் மருமகளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. இந்த எழுத்தில் நான் சொல்கிறேன். அவளுக்குக் குழந்தை பிறந்து, அதற்குப் பன்னிரண்டு வயதாகும்போது இதை அந்தக் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.

சென்னி அதன்பிறகு பாசன சங்கத்துக்கு எழுதினான். அவன் கடிதம் போய்ச் சேர்ந்தது. பொன்னுரங்கத்தோடு சண்டை பிடித்தான். அதுவும் போய்ச் சேர்ந்தது. எனக்கு மட்டும் அவன் எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் என் திரையில் பச்சையில் அவன் பெயர் வந்தது. கொள்ளுப் பருப்புக்குச் சீரகத்தை எப்போது போட வேண்டும் என்று கேட்டிருந்தான். பதில் எழுத உட்கார்ந்தேன். கொள்ளு வெந்து, கடைவதற்கு முன்னால் என்று எழுதி அனுப்பினேன். இயந்திரம் என்னையும் ஒப்புக்கொண்டது.

இனி ஊரில் நடக்கும் பேச்சு. அன்று நான் வேண்டுமென்றே தம்பியைச் சீண்டினேன் என்றும், கோபம் வந்தால் பழைய தயக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படிக் கத்தினேன் என்றும் சொல்கிறார்கள். எங்கள் உறவுக்காரர்களே அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அது பொய். நான் எந்தக் கணக்கும் போடவில்லை. இனி அவனுக்குப் பதிலாக நானே பேசுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுந்து நின்றேன்.